காப்பி டப்பாவுக்குள் ஒரு குட்டை

ஓக் பெண்ட் டிரெய்லர் குடியிருப்பு
சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே
ஆகஸ்ட் 24, 2015

திரு. கில்பெர்ட் சேர்ப்பா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் நாடீன் ப்ரூவிட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். உங்கள் விலாசத்தை நகர அலுவலகத்தில் வாங்கினேன். தர முடியாது என்றார்கள். தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் டிரெய்லர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மழைக்குட்டை இருக்கிறது. அதன்மேல் வீடுகள் கட்டப் போகிறார்கள். அதில் அபூர்வமான உயிர்கள் இருப்பதால் சும்மா அழிக்கச் சட்டம் விடாதாம். ஈடாக வேறெங்காவது அதேபோல் குட்டைகளை உண்டாக்கிக் காட்ட வேண்டுமாம். இதற்காக நடந்த கூட்டத்தில் ஒரு தம்பி திரையில் படம் போட்டார். எங்கள் குட்டை ஒரு சிவப்புப் புள்ளி. அங்கிருந்து ஓர் அம்புக்குறி தெற்கே நீளமாகப் போய் ஒரு பச்சைக் கட்டத்தில் முட்டி நின்றது. அந்தப் பச்சைக் கட்டம் மெர்செட்டில் இருக்கிற உங்கள் தக்காளி வயல்.

"இங்க போறது அங்க வந்துரும் மேடம். கணக்கு நேராயிடும்," என்றார்.

"உங்கம்மா இங்க செத்துப்போனா, மெர்செட்ல ஒருத்திய அம்மான்னு கூப்பிட்டுக்குவியா தம்பி?" என்று கேட்டேன். உடனே என் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

நான் இங்கே குடிவந்தது ஒரு ஜூலை மாதம். வீட்டுக்குப் பின்னால் வெடித்துப் பிளந்த கட்டாந்தரை. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை அங்கேதான் வீசுவேன். டிசம்பரில் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் பின்கதவைத் திறந்தால் தண்ணீர், வானத்தை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றது. கணுக்கால் அளவுகூட ஆழமில்லை. கொஞ்ச நாள் கழித்துக் குனிந்து பார்த்தேன். விரல் நகத்தின் நீளத்தில், கண்ணாடியில் செய்தாற்போல இறால்கள், மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. உள்ளே குடல் தெரிந்தது. முட்டைப் பை தெரிந்தது. கோடை முழுக்க அவை இந்தத் தூசிக்குள் முட்டையாகப் படுத்துக் கிடந்திருக்கின்றன. நான் சோப்புத் தண்ணீர் வீசிய இதே தூசிக்குள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஏப்ரலில் தண்ணீர் வற்ற வற்ற, ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து வளையம் வளையமாகப் பூத்தது. முதலில் மஞ்சள், அப்புறம் வெள்ளை, நடுவில் நீலம். என் புருஷன் இறந்துபோன வருடம் அது. வேறு எதையும் பார்க்கப் பிடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை நீங்கள் தக்காளி வயலில் செய்து தரப்போகிறீர்களாமே. எப்படி என்று எழுதுங்கள். படித்துச் சிரிக்க ஆசையாக இருக்கிறது.

நாடீன் ப்ரூவிட்


சேர்ப்பா பண்ணை
மெர்செட் கவுன்ட்டி
செப்டம்பர் 12, 2015

திருமதி ப்ரூவிட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டேன். என் மனைவி ஆல்டா அதை எடுத்து, பட்டிருந்த சூப்புக் கறையைத் துடைத்து, மறுபடி மேசைமேல் வைத்தாள். "வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கா அந்தம்மா. ஒழுங்கா பதில் எழுதுற வழியப் பாரு," என்றாள். எழுதுகிறேன்.

என் அப்பா போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து வந்தவர். அவர் வாங்கியபோது இந்த நிலமும் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்ததாம். மழை பெய்தால் அங்கங்கே குட்டை நிற்குமாம். அவர் அதைக் கோவேறு கழுதை பூட்டிச் சமன் செய்தார். பிறகு டிராக்டர் வைத்துச் சமன் செய்தார். நான் லேசர் ஒளியால் மட்டம் பார்க்கும் லெவலர் இயந்திரம் வைத்துச் சமன் செய்தேன். எங்கள் வயலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். பக்கத்துக் கவுன்ட்டிகளிலிருந்தெல்லாம் என்னைச் சமன் செய்யக் கூப்பிடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான்.

இந்த நான்கு வருட வறட்சியில் கால்வாயில் தண்ணீர் விடவில்லை. கிழக்கு வயலில் நட்ட தக்காளி நட்ட இடத்திலேயே கருகியது. அப்போதுதான் அந்த வீடு கட்டுகிறவர்கள் வந்து கேட்டார்கள். இனி எந்நாளும் இந்த வயலை உழுவதில்லை, என் காலத்துக்குப் பிறகும் யாரும் உழக்கூடாது என்று கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ஆல்டா கேட்டாள், "சாப்பாட்டக் கையில எடுத்து வச்சுக்கிட்டு என்ன யோசனை?" எடுத்ததைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

உங்கள் குட்டையின் மேல்மண்ணைச் சுரண்டி மூட்டைகளில் கட்டி இங்கே அனுப்புவார்களாம். முட்டைகளும் விதைகளும் அதில்தான் இருக்கின்றனவாம். நான் பள்ளம் எடுத்து அந்த மண்ணைப் பரப்ப வேண்டும். மண் வேலையில் என்னைக் குறை சொன்னவர் இதுவரை கிடையாது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

கில்பெர்ட் சேர்ப்பா


ஓக் பெண்ட்
அக்டோபர் 10, 2015

திரு. சேர்ப்பா,

செவ்வாய்க்கிழமை இயந்திரங்கள் வந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் இல்லையா. மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டி லாரியில் ஏற்றினார்கள். மிச்சத்தை மூடி, உருளை ஓட்டிக் கெட்டியாக்கிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. எத்தனை ஆயிரம் வருடம் இருந்ததோ, ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தாங்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிக்கலாம் என்றிருந்தேன். சிரிப்பு வரவில்லை. ஆயுள் முழுக்கச் சமன் செய்தவர் கையில் குட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். மொட்டை அடிக்கிறவரிடம் முடி வளர்த்துத் தரச் சொன்ன மாதிரி இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். இயந்திரம் வருவதற்கு முந்தின நாள், குட்டையின் நடுவில் மண்டியிட்டு, கரண்டியால் சுரண்டி, ஒரு காப்பி டப்பா நிறையத் தூசி எடுத்து வைத்திருக்கிறேன். அது என் ஃபிரிட்ஜின்மேல் இருக்கிறது. என் அப்பா ஒக்லஹோமாக்காரர். புழுதிப் புயலில் வயல் மொத்தமும் பறந்துபோய், கட்டிய துணியோடு கலிபோர்னியா வந்து சேர்ந்தவர். சாகும்வரை வீட்டில் ஒரு பொட்டுத் தூசியைப் பொறுக்க மாட்டார். அவர் மகள் தூசியை டப்பாவில் மூடிவைத்துக் காவல் காக்கிறாள்.

இது உங்களுக்கு இல்லை. சும்மா தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதினேன்.

நாடீன்


சேர்ப்பா பண்ணை
டிசம்பர் 20, 2015

திருமதி ப்ரூவிட்,

வேலை முடிந்தது. வரிசைக்கு ஐந்தாகக் குட்டைகள் எடுத்து, நீங்கள் பார்த்தீர்களே அந்த மூட்டை மண்ணை ஒரு பிடிகூட வீணாக்காமல் பரப்பினேன். போன வாரம் நல்ல மழை. எல்லாம் நிறைந்துவிட்டது. மழைக்கு முன்பே பக்கத்துப் பண்ணை ஃபிராங்க் வேலிமேல் கையை ஊன்றிப் பார்த்துவிட்டு, "கில்பெர்ட்டு, மேசை செஞ்ச மாதிரி இருக்குடா அடித்தரை," என்றான். ஃபிராங்க் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஆல்டாவும் சொல்லச் சொன்னாள்.

கில்பெர்ட் சேர்ப்பா


சேர்ப்பா பண்ணை
ஏப்ரல் 17, 2016

நாடீன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் வரவில்லை.

குட்டைகளைப் பார்வையிட பிரிசில்லா யூவன் என்று ஓர் உயிரியல் அம்மா மாதா மாதம் வருகிறார். சின்ன வலையைப் போட்டு அலசி, எடுத்ததைத் தட்டில் கொட்டிப் பார்ப்பார். ஜனவரியில் ஒன்றுமில்லை. பிப்ரவரியில் தட்டு நிறையத் தலைப்பிரட்டைகள். மார்ச்சில் குட்டைக்குள்ளிருந்து எருமை கத்துவதுபோல் சத்தம். வாய்க்காலிலிருந்து ஏறிவந்த பெரிய தவளைகள். கூடவே கொசு தின்னும் மீன்கள். இப்போது ஏப்ரல் நடுவில், பூ பூத்திருக்க வேண்டிய நேரத்தில், தண்ணீர் இன்னும் ததும்பிக்கொண்டிருக்கிறது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது குட்டை இல்ல, நீச்சல் குளம்," என்றார் பிரிசில்லா. "எல்லாம் ஒரே ஆழம், ஒரே அளவு. ஓரமெல்லாம் வெட்டின மாதிரி செங்குத்து. இதுங்களுக்கு வத்துற தண்ணிதான் வேணும். வத்தாத தண்ணில தவளைதான் குடும்பம் நடத்தும்."

வரைபடத்தில் போட்டிருந்த அளவுக்கு மேலேயே நான் ஆழம் எடுத்தேன். தண்ணீர் நன்றாக நிற்கட்டும் என்று. அடியை லேசர் வைத்து மட்டம் பார்த்தேன். அழகாக இருக்கட்டும் என்று. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கை அப்படியே பழகிவிட்டது. உங்கள் மூட்டை மண்ணிலிருந்து பொரிந்ததையெல்லாம் தவளையும் மீனும் தின்றிருக்கும். அந்த மண்ணில் இனி ஏதாவது மிச்சமிருக்கும் என்று பிரிசில்லாவுக்கு நம்பிக்கையில்லை.

மிச்சம் இருப்பது உங்கள் டப்பா ஒன்றுதான். எனக்குக் கேட்க வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். குட்டைகளைத் திரும்ப வெட்டுவேன். அந்தத் தூசியைத் தருவீர்களா?

கில்பெர்ட்


ஓக் பெண்ட்
மே 2, 2016

திரு. சேர்ப்பா,

தர மாட்டேன்.

பின்கதவைத் திறந்தால் இப்போது ஒரு மதில் சுவர். அதற்குப் பின்னால் பதினெட்டு வீடுகள். எல்லாம் ஒரே பழுப்பு நிறம். அங்கே குடிவந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் இருக்கிறார்கள். ஒரு பெண் கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கார் நிறுத்துகிற இடத்தில்தான் நீலப்பூ பூக்கும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கேக்கைச் சாப்பிட்டேன்.

அத்தனை மூட்டையையும் தவளைக்கு விருந்து வைத்துவிட்டு, கடைசி டப்பாவையும் கேட்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். இது போனால் இந்த உலகத்தில் அந்தக் குட்டை இல்லை. டப்பா என் ஃபிரிட்ஜின்மேலேயே இருக்கட்டும்.

ஆல்டாவுக்கு என் விசாரிப்பு.

நாடீன்


சேர்ப்பா பண்ணை
அக்டோபர் 23, 2016

நாடீன்,

நீங்கள் பதில் எழுத வேண்டாம். நடந்ததைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இங்கே சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

செப்டம்பரில் தண்ணீரை வடித்து, தவளைகளையும் மீன்களையும் அப்புறப்படுத்தி, மண்ணை நிரப்பித் திரும்ப ஆரம்பித்தேன். லேசரைக் கழற்றி வைத்துவிட்டேன். மேடும் பள்ளமுமாக, கன்னாபின்னாவென்று ஓட்டுங்கள் என்றார் பிரிசில்லா. ஓட்டிப் பார்த்தேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால் மட்டமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். அப்போதும் மட்டம். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

ஆல்டா மதியச் சாப்பாட்டோடு வந்தவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குய்யா," என்றாள். "உனக்குக் கோணலா பண்ண வராது. அதுக்கெல்லாம் பொறவியிலயே ஒரு கை வேணும்."

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அவள் இந்த இயந்திரத்தை ஓட்டினாள். அவள் ஓட்டிய பாத்தியில் ஒரு மூலையில் முழங்கால் தண்ணீர், இன்னொரு மூலை காய்ந்து கிடந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சாவியை அவள் தொட நான் விட்டதில்லை. இப்போது அவள் ஏறி உட்கார்ந்து, காதில் போனை மாட்டிக்கொண்டு, டுலேரியில் இருக்கிற தங்கையோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓட்டினாள். சிரிப்பு வந்தால் ஒரு பள்ளம். மச்சினனைத் திட்டினால் ஒரு மேடு. ஒரு வாரம் ஓட்டினாள்.

ஃபிராங்க் வேலிக்கு வந்தான். "என்னடா கில்பெர்ட்டு, குடிச்சிட்டு ஓட்டினியா?" என்றான். காப்பிக் கடையில் ஊரெல்லாம் அதே பேச்சு. நான் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரிசில்லா வந்து நடந்து பார்த்தார். எங்கே கரை முடிந்து எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியவில்லை. திரும்பவும் நடந்தார். "யார் பண்ணது இது?" என்று கேட்டார். ஆல்டா எனக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

சாயந்தரம் நான் தனியாகப் போய் நின்றேன். சாய்வெயிலில் சின்னச் சின்ன மேடுகள் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நின்றன. அப்பா வாங்கியபோது இந்த நிலம் இப்படித்தான் இருந்திருக்கும். நான் அதைப் பார்த்ததே இல்லை. என்னமோ ஆகிவிட்டது எனக்கு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

டப்பாவைக் கேட்டு எழுதவில்லை. அது அங்கே பத்திரமாக இருக்கிறது என்பதே எனக்கு ஒரு தைரியம்.

கில்பெர்ட்


ஓக் பெண்ட்
ஜனவரி 9, 2017

கில்பெர்ட்,

ஆல்டா கதையைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்புறம் அந்தச் சாய்வெயில் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது.

டிசம்பர் மழை தொடங்கிய அன்று எனக்கு ஒரு பயம் வந்தது. ஃபிரிட்ஜின்மேல் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தச் சூட்டிலேயே டப்பாவை வைத்திருக்கிறேன். உள்ளே எல்லாம் செத்திருந்தால்? நான் காவல் காத்தது வெறும் புழுதியாக இருந்தால்? அந்த நினைப்பு வந்தபிறகு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கடைசியில் எனாமல் பேசின் ஒன்றை வெளியே படிக்கட்டில் வைத்து, மழைத் தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்து ஒரு கரண்டி தூசி போட்டேன். தண்ணீர் கலங்கித் தெளிந்தது. அடியில் மண். தினமும் குளிரில் கோட்டு மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். மண்தான்.

ஒரு காலையில் வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு தூசி நகர்ந்தது. காற்றாக இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திரும்ப நகர்ந்தது. அது தூசி இல்லை. பக்கத்தில் இன்னொன்று. பேசின் முழுக்க, கில்பெர்ட். ஊசிமுனை அளவுகூட இல்லாத உயிர்கள், ஒவ்வொன்றும் எங்கேயோ அவசரமாகப் போவதுபோல. தண்ணீர் இல்லை, சோறு இல்லை, காற்றுகூட ஒழுங்காக இல்லை. தகர டப்பாவுக்குள் இத்தனை நாள். எதை நம்பிக் காத்துக்கொண்டிருந்தன? நான் கோயிலுக்கெல்லாம் போகிறவள் இல்லை. ஆனால் அந்தப் படிக்கட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். பேசுவதற்கு அங்கே வேறு ஆளே இல்லை, ஆனாலும் தாழ்த்திக்கொண்டேன்.

இப்போது வளர்ந்துவிட்டன. மல்லாந்து நீந்துகின்றன. பெண்களுக்கு முட்டைப் பை வந்துவிட்டது. நேற்று ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முட்டை அதன் உடம்பிலிருந்து நழுவி, மெதுவாக இறங்கி, பேசினின் ஓரத்தில் மண்ணில்லாத இடத்தில் விழுந்தது. வெள்ளை எனாமலில் கரும்புள்ளி. அது படுத்துக் கிடக்க அங்கே ஒன்றுமில்லை. எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நான் ஒரு குட்டையைக் காப்பாற்றி வைக்கவில்லை. அதை ஃபிரிட்ஜின்மேல் சிறை வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். பேசினைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவருவேன். டப்பாவையும்.

ஆல்டாவைச் சூப் வைக்கச் சொல்லுங்கள்.

நாடீன்


ஓக் பெண்ட்
ஜனவரி 22, 2017

கில்பெர்ட்,

நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள். எடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவேன். எழுதினால் அழுதாலும் உங்களுக்குத் தெரியாது.

உங்கள்மேல் தப்பில்லை. வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுங்க, காத்து அடங்கட்டும், உள்ள வந்து சூப்பு குடிங்க," என்று தெளிவாகச் சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை. பேசினை ஆல்டாவின் பெரிய குட்டையில் கவிழ்த்ததும், வளர்ந்து மிஞ்சியிருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு உயிர்கள் அவ்வளவு தண்ணீரில் போன இடம் தெரியாமல் போய்விட்டன. அதைப் பார்த்ததும் பதறிவிட்டேன். இன்னும் போட வேண்டும், உடனே போட வேண்டும் என்று தோன்றியது. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. வயிற்றில் அண்டக் கொடுத்து வெடுக்கென்று இழுத்தேன்.

அது பறந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஒரு பழுப்புத் துணியை உதறியதுபோல எழுந்து, வயலைத் தாண்டி, உங்கள் வண்டிப் பாதைமேல் போய், வாசல் கதவையும் தாண்டிப் போயிற்று. என் கையில் வெறும் டப்பா. என் அப்பா ஒக்லஹோமாவில் நின்று பார்த்ததை நானும் நின்று பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தேன். வாசலருகே சேற்றில் மாட்டி, இரண்டு பக்கமும் பள்ளம் பறித்துவிட்டேன். நீங்கள் டிராக்டர் கட்டி இழுத்துவிட்டீர்கள். நன்றி சொல்லவில்லை நான். இப்போது சொல்கிறேன்.

உங்களிடம் மூட்டை மூட்டையாகக் கொடுத்ததை நீங்கள் தொலைத்தீர்கள் என்று எவ்வளவு பேசினேன். கடைசி டப்பாவை நானே காற்றில் விட்டேன். இனி நமக்குள் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆல்டாவின் குட்டைகள் மிக அழகாக இருந்தன. அதை அவளிடம் சொல்லாமல் வந்தது மனதை உறுத்துகிறது. சொல்லிவிடுங்கள்.

நாடீன்


சேர்ப்பா பண்ணை
மார்ச் 4, 2017

நாடீன்,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். எங்காவது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நீங்கள் போனபிறகு பிரிசில்லா வந்து பெரிய குட்டையில் வலை போட்டார். ஒன்றுமில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் திரும்ப வந்து போட்டார். ஒன்றுமில்லை. உங்களுக்கு எழுத நல்ல சேதி எதுவும் என்னிடம் அப்போது இல்லை. பிப்ரவரி முழுக்க அப்படி ஒரு மழை. வயல், பாதை, முற்றம் எல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. தபால் பெட்டிவரை போவதற்கே பூட்ஸ் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை டவுனுக்குக் கிளம்பினேன். வண்டியை முடுக்கியாயிற்று. ஆல்டா தபால் எடுக்க முன்னால் நடந்து போயிருந்தாள். வாசலருகே குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று ஹாரன் அடித்தேன்.

திரும்பாமலேயே கையை நீட்டினாள். "வண்டிய நகத்தாத. கில்பெர்ட்டு, ஒரு அடிகூட நகத்தாத. எறங்கி வா."

போனேன். நீங்கள் சேற்றில் மாட்டிப் பறித்த பள்ளம். மழைத் தண்ணீர் நிறைந்து நின்றது. ஒரு பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் கண்ணாடியில் செய்தாற்போல, மல்லாந்து, ஒன்றல்ல பத்தல்ல. நான் அறுபத்தொரு வயதுக்காரன், நாடீன். நல்ல கால்சட்டையோடு என் சொந்தப் பாதையில் குப்புறப் படுத்துவிட்டேன். வெயில் அவற்றின் உடம்பு வழியாகப் போய் அடியில் சேற்றில் விழுந்தது. நிழல்கூட ஒளியாகத்தான் இருந்தது. நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் படித்தேன், ஆனால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. ஆல்டா பக்கத்தில் படுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வண்டி அதன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

பிரிசில்லா பறந்து வந்தார். தேநீர் வடிகட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பெரிய குட்டையிலிருந்து வாசல்வரை அன்றைக்குக் காற்று போன வழியிலேயே நடந்தார். டயர் தடத்தில் இருக்கிறது. ஃபிராங்க்கின் மாடு வேலி தாண்டி வந்த குளம்புத் தடம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. வேலிக்கம்பு பிடுங்கிய குழியில் இருக்கிறது. பெரிய குட்டையிலும் இப்போது வலை நிறைய வருகிறது. வாசல் பக்கம் மூட்டை மண் போனதே இல்லை, அதனால் இது நீங்கள் கொண்டுவந்ததுதான் என்று பிரிசில்லா சொன்னார். "நான் கையால தூவியிருந்தா ஒரே எடத்துல போட்டிருப்பேன்," என்றார். "இப்படி ஒரு விதைப்ப எனக்குப் பண்ணத் தெரியாது."

எங்கள் குடும்பம் இந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ட இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொண்டது. அதற்கு இரண்டு தலைமுறைப் பெயர். இன்றைக்கு எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே எல்லாம் உயிர் இருக்கிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்து எனக்குப் பழக்கமில்லை.

ஆல்டா பாதை முழுக்கக் குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டாள். அதனால் எங்கள் வண்டி முற்றத்திலேயே நிற்கிறது. டவுனுக்குப் போக வேண்டுமானால் பின்பக்கம் வாதுமைத் தோப்பு வழியாக நடந்து போய் ஃபிராங்க்கின் காரில் ஏறிக்கொள்கிறோம். "ஏண்டா, இறாலுக்கு வழிவிட்டு நடந்து போற முதல் சேர்ப்பா நீதான்," என்கிறான். சிரிக்கட்டும். நேற்று கவுன்ட்டியிலிருந்து லாரி வந்தது. வழக்கம்போல மழைக்காலம் முடிந்ததும் பாதையில் சரளை கொட்டி மட்டம் செய்துவிட்டுப் போவார்கள். ஓட்டுநர் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவன்தான். "மட்டம் பண்ணிரலாமா சார்?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். என் வாழ்நாளில் மட்டம் செய்ய வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவன் புரியாமல் ஆல்டாவைப் பார்த்தான்.

ஏப்ரலில் பூக்கும் என்கிறார்கள். எங்கெங்கே, என்னென்ன நிறம் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் வந்துதான் சொல்ல வேண்டும். வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கயிறு கட்டாத இடத்திலும் குனிந்து பார்த்துவிட்டே கால் வையுங்கள், நாடீன். அவை எதுவரை போயிருக்கின்றன என்று எங்களால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கில்பெர்ட்